மர்சேய் மீன் சமையற்கட்டில் என் கூந்தல் தைலம்

எனக்கு வாசனை எண்ணெய் விற்ற பம்பாய் சேட்டைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் நான் பிரான்சுக்குப் போனேன். காரைக்காலில் பிரான்சைப் பார்க்காத குடும்பம் குறைவு. ஆனால் போனவர்கள் பட்டாளத்துக்குப் போனவர்கள், பென்ஷனுக்குப் போனவர்கள், மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போனவர்கள். ஒரு பூவின் வாசனைக்காகப் போனவன் அன்றைக்கும் இன்றைக்கும் நான் ஒருவன்தான். இதை எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். கேட்காதவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன் நான். பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று சொல்பவர்களும் ஊரில் உண்டு. அவர்கள் எல்லாரும் இன்று யாரிடமோ கைகட்டிச் சம்பளம் வாங்குகிறார்கள். நான் ஒரு வாணலி, ஒரு மரத்துடுப்பு, என் மனைவி பிலோமினா ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு கூந்தல் தைலம் காய்ச்ச ஆரம்பித்து, நாலு பெண்களுக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வந்தவன். தேங்காயெண்ணெய் நம் ஊர். வாசனை மட்டும் வெளிநாடு. பிரெஞ்சுக்காரர்கள் இலாங்-இலாங் என்று இரண்டு தடவை கூப்பிடுகிற பூவின் எண்ணெய் அது. நம் மனோரஞ்சிதத்துக்குப் பங்காளி முறை. அதைப் பம்பாயிலிருந்து தகரக்குப்பியில் சேட் அனுப்புவார்.

என் தைலத்தை வாழவைத்தவர்கள் காரைக்கால்மேட்டு மீன்காரப் பெண்கள். காலையில் ஏலம் எடுத்துக் கூடையோடு பஸ் ஏறித் திருநள்ளாறு, அம்பகரத்தூர் என்று தெருத்தெருவாக விற்றுவிட்டு வருகிறவர்கள். மீன்வாடை என்று கண்டக்டர்கள் அவர்களைப் படியிலேயே மறிப்பார்கள். என் தைலத்தைத் தலையில் வைத்துக்கொண்டால் மறிப்பதில்லை, சீட்டுக்கூடக் கிடைக்கிறது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். அவள் பெயர் அஞ்சலை. அவள் வாங்கினால் மேடே வாங்கும்.

வியாபாரம் பெரிதானதும் சரக்கும் பெரிதாக வேண்டாமா? சேட்டுக்கு டிரங்க் கால் போட்டு, "இந்த மட்டமான ஐட்டம் இனிமேல் வேண்டாம். இருப்பதிலேயே ஒசத்தியானதை அனுப்பும்" என்றேன். ஒசத்தியான விலைக்கு ஒரு குப்பி வந்தது. காய்ச்சினோம். வாணலி அடுப்பில் இருக்கும்போது தெருவே மணந்தது. பாதிரியார் சைக்கிளை நிறுத்தி மூச்சை இழுத்து மோந்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அஞ்சலை பாட்டில்களைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினாள்.

"மொதலாளி, ஒங்க எண்ணெ வாசம் நான் பஸ் ஏறறதுக்குள்ள எறங்கிப் போயிடுது. கண்டக்டரு பழையபடி கையை நீட்டி மறிச்சிக்கிட்டு, 'மீன்காரம்மா, அடுத்த வண்டியில வா'ங்கிறான். அடுத்த வண்டிக்காரனும் அதையேதான் சொல்றான். திருநள்ளாத்துக்கு நடந்து போயி வித்தா மீனு கருவாடா போயிடும். இந்தாங்க, நீங்களே வச்சிக்குங்க."

என் தலையில் முடி இல்லை என்பது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

வாணலி ஆறிவிட்டது. நாலு பெண்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒசத்திப் பணத்தை வாங்கிக்கொண்டு சேட் தண்ணீர் கலந்துவிட்டான் என்று எனக்கு விளங்கிப்போயிற்று. அந்த எண்ணெய் பிறக்கிற இடத்துக்கே போய் நிரூபித்துவிட்டு வருவது என்று கிளம்பிவிட்டேன். பிலோமினா, "பம்பாய்க்குப் போனாப் பத்தாதா?" என்றாள். பெண்களுக்குத் தொலைநோக்கு குறைவு.

பிரான்சில் இறங்கியபோது தை மாதம். ஒரு கையில் சேட்டின் குப்பி, இன்னொரு கையில் கலந்து பார்க்க நம் ஊர்த் தேங்காயெண்ணெய் பாட்டில். அந்தக் குளிரில் எண்ணெய் உறைந்து வெள்ளைக் கல்லாகிவிட்டது. சுங்கத்தில் ஒரு பையன் அதைத் தட்டிப் பார்த்தான், கவிழ்த்துப் பார்த்தான், இன்னொருவனைக் கூப்பிட்டான். "இது என்ன?" என்று இருவரும் கேட்டார்கள். நான் பிரெஞ்சுக் கொடியின் கீழ் பிறந்தவன். எனக்கும் நாலு வார்த்தை வரும். ஆனால் நாலும் வேறு வார்த்தைகள். அதனால் தொப்பியைக் கழற்றி, விரலால் கொஞ்சம் சுரண்டி, என் மண்டையில் தேய்த்துக் காட்டி, "தலைமுடிக்கு" என்று சைகை செய்தேன். இருவரும் பாட்டிலைப் பார்த்தார்கள், என் மண்டையைப் பார்த்தார்கள். பிறகு பெட்டியை மூடி, அவர்களே தூக்கிக் கொடுத்தார்கள். தொழிலதிபர்களை மதிக்கத் தெரிந்த நாடு.

மர்சேயில் என் மைத்துனன் லூயி இருந்தான். பிலோமினாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் கைலி, வெளியே டை. காலையில் கிண்ணம் நிறையக் காப்பியை ஊற்றி, அதில் முழ நீள ரொட்டியை முக்கித் தின்கிறான். நம் ஊரில் அந்தக் கிண்ணத்தில் மாட்டுக்குக் கழுநீர்கூட வைக்க மாட்டோம், சிறியது. ஆனால் மத்தியானம் அவன் மனைவி அதே ரொட்டிக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். பிரான்ஸ் அந்த ரொட்டியைக் கண்டுபிடித்ததே காரைக்கால் குழம்புக்காகத்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"அத்தான், எங்க போனாலும் நான்தான் பேசுவேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்" என்றான் லூயி.

"நான் பேசுறதை நீ அப்படியே சொன்னாப் போதும்" என்றேன்.

மறுநாள் கிராஸ் என்ற ஊருக்கு ரயில் ஏறினோம். உலகத்து வாசனை வியாபாரம் எல்லாம் அந்த ஊரில் என்று சொன்னார்கள். ரயிலில் சீட்டுக்கு அடியில் சூடு வருகிற இரும்புப்பெட்டி வைத்திருக்கிறார்கள். உறைந்த எண்ணெய் உருகட்டும் என்று பாட்டிலை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். உருகியது. மூடியும் இளகியது. டிக்கெட் பரிசோதகர் எங்கள் பெட்டிக்குள் கால் வைத்தவர், வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரே சறுக்கலில் வந்து ஒரு கிழவியின் மடியில் உட்கார்ந்தார். கிழவி என்னவோ சொன்னாள். பெட்டியே சிரித்தது.

"என்ன சொல்றா?" என்றேன்.

"இதுக்கும் டிக்கெட் உண்டான்னு கேக்குறா. அத்தான், தயவுசெஞ்சி அந்தப் பாட்டிலைக் கோட்டுக்குள்ள வைங்க."

பரிசோதகர் எழுந்து, தன் கால்சட்டையை மோந்து பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. சுத்தமான எண்ணெய் அப்படித்தான், கோபத்தையும் ஆற்றும். அபராதம் போடாமல் போய்விட்டார். பாதி எண்ணெய் மிஞ்சியது.

கிராஸ் மலைச்சரிவில் இருக்கிற ஊர். ஊரெல்லாம் பூவாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அந்தக் குளிரில் ஒரு பூ கண்ணில் படவில்லை. வாசனை எல்லாம் பீப்பாயிலும் தகரத்திலும் அடைபட்டு, அறைக்குள் இருக்கிறது. இலாங்-இலாங் அங்கே காய்ப்பதோ பூப்பதோ இல்லையாம். ஆப்பிரிக்கா பக்கத்துத் தீவுகளில் விடியற்காலையில் பறித்து, அங்கேயே வடித்து, கப்பலில் அனுப்புகிறார்கள். ஆக, சேட்டைப் போலவே இவர்களும் வாங்கி விற்கிறவர்கள்தான். ஆனால் பம்பாயில் கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்து செய்வதை இங்கே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு செய்கிறார்கள். நாகூர் தர்கா வீதியில் நடந்தால் இதைவிட அதிகம் மணக்கும், காசும் கேட்க மாட்டார்கள்.

எங்களை ஒரு மதாம் வரவேற்றாள். ஒல்லியான அம்மாள், வயது அறுபது இருக்கும், மூக்கு மட்டும் தனியாக வளர்ந்தது போல நீளம். பேப்பரை ஈர்க்குச்சி போல நறுக்கி, எண்ணெயில் தொட்டு மோந்து பார்ப்பதுதான் அவள் வேலை.

"பேப்பருக்கு வேர்க்குமான்னு கேளு" என்றேன்.

"கேக்க மாட்டேன்" என்றான் லூயி.

சேட்டின் குப்பியை மேஜையில் வைத்தேன். திருட்டு வெளிப்படப் போகிற நேரம். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். மதாம் பேப்பரைத் தொட்டாள், மோந்தாள், கண்ணை மூடினாள். திறக்கவே இல்லை.

"இதை உங்களுக்கு யார் விற்றார்கள்?"

"ஒரு திருடன்."

"அப்படியானால் அவன் நல்ல திருடன். இலாங்-இலாங்கில் இதுதான் முதல் தரம். எங்களுக்கே எல்லா வருஷமும் இப்படி அமைவதில்லை."

இவ்வளவு தூரம் வந்து சேட்டை யோக்கியன் என்று கேட்க வேண்டியதாயிற்று. லூயி அதை ஏன் அவ்வளவு உற்சாகமாக மொழிபெயர்த்தான் என்று தெரியவில்லை.

மதாம் நாலு சிறு குப்பிகளை வரிசையாக வைத்தாள். எல்லாம் ஒரே பூ, ஒரே கொப்பரையில் வடித்தது. அடுப்பு மூட்டியதும் முதலில் இறங்குவது மெல்லியது. பணக்காரச் சீமாட்டிகள் கழுத்தில் தொட்டுக்கொள்கிற சென்ட்டுக்கு அது. நேரம் ஆக ஆக இறங்குவது கனத்துக்கொண்டே போகும். கடைசியாக இறங்குவது சோப்புக்கு. சாராயமானாலும் முதல் வடிப்புக்குத்தான் மரியாதை என்பதைக் காரைக்காலில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தலையாட்டினேன். கடைசிக் குப்பியை மோந்தேன். கிராம்பு கொஞ்சம், புதுச் செருப்பு கொஞ்சம், அடியில் ஒரு தித்திப்பு. இந்த மூக்கு எதையும் மறக்காது. சேட் எனக்கு வருஷக்கணக்காக அனுப்பிய பழைய சரக்கு அதுதான்!

சோப்புக்குப் போகிற அடிச்சரக்கை என் தலையில் கட்டியிருக்கிறான். எனக்குக் கோபம் புதிதாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அப்போது அதற்கு மட்டமான விலைதான் வாங்கினான், ஒசத்தி கேட்டபோது ஒசத்தியைத்தான் அனுப்பினான். எந்தப் பக்கம் திரும்பித் திட்டுவது என்று தெரியவில்லை.

"அப்படின்னா முதல் தரம் ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு கேளு."

"உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கும்போது இதைப் பூசிக்கொள்கிறார்கள்?" என்று மதாம் கேட்டாள்.

"மீன் ஏலத்துலன்னு சொல்லு."

லூயி டையைச் சரிசெய்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னான். மதாம் முகம் மலர்ந்தது. "ஆகா, அதற்கு முதல் தரத்தை மிஞ்சி எதுவும் இல்லை" என்றாள்.

வெளியே வந்ததும், "என்னடா சொன்னே?" என்றேன்.

"கடற்கரையிலன்னு சொன்னேன். பொய் இல்லையே, அத்தான்."

நாலு குப்பிகளையும் மாதிரிக்கென்று வாங்கிக்கொண்டு மர்சேய் திரும்பினோம். பேப்பரையும் நம்ப முடியாது, மொழிபெயர்ப்பையும் நம்ப முடியாது என்றான பிறகு, நானே சோதித்துவிடுவது என்று தீர்மானித்தேன். என் முறை எப்போதும் ஒன்றுதான்: மீனும் வேர்வையும் உள்ள இடத்தில் ஒரு தலையில் வைத்துப் பார்ப்பது. மீனுக்கு மர்சேயில் பஞ்சமில்லை. துறைமுகத்திலேயே விற்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தேன். கூப்பாடும் வசவும் நம் காரைக்கால்மேட்டில் இருக்கிற மாதிரியே இருந்தன. ஆனால் அந்தக் குளிர்காற்றில் யாருக்கு வேர்க்கும்? மீனுக்கே நாற்றம் வரவில்லை.

"வேர்க்குற மீன்கடை வேணும்" என்றேன். லூயி தலையில் கைவைத்தான். கடைசியில் அவன் மனைவிதான், துறைமுகத்துக்குப் பின்சந்தில் மீன் சூப்பு விற்கிற ஒரு சாப்பாட்டுக்கடையைச் சொன்னாள்.

அந்தச் சமையற்கட்டுக்குள் கால் வைத்ததும் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. அண்டா அண்டாவாக மீன்தலை வேகிறது. வெங்காயம், பூண்டு, ஆவி. மேட்டில் சித்திரை மாதத்து உச்சிவேளை தோற்றது. கடைக்காரி ழோசெத் மதாம் கன்னம் சிவந்து நின்றாள். மூலையில் ஒரு பெரிய சரீரத்து அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

லூயி கடைக்காரியிடம் நெடுநேரம் பேசினான். அவள் என் மண்டையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். இவன் பதில் சொன்னான்.

"என்ன கேட்டா?"

"முடி வளக்குற இந்திய மருந்துன்னு சொல்லியிருக்கேன். அப்ப ஒங்களுக்கு ஏன் இப்பிடின்னு கேக்குறா."

"நீ என்ன சொன்னே?"

"அடுத்தவங்களுக்காகவே ஒழைக்கிறவருன்னு சொன்னேன்."

முதல் தடவையாக அவன் சரியாக மொழிபெயர்த்திருந்தான்.

அடுப்போரத்தில் எண்ணெயை உருக்கி, இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் முதல் வடிப்பையும் மற்றதில் கடைசி வடிப்பையும் கலந்தேன். யாருக்கு எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முதலாளிக்கு முதல் தரம், பாத்திரம் தேய்க்கிறவளுக்குக் கடைசி. நம் ஊர் வழக்கப்படி உள்ளங்கையில் எண்ணெயை ஏந்தி, நேராக ழோசெத்தின் உச்சியில் பொத்தென்று வைத்து அடித்தேன். அந்த அம்மாள் போட்ட கூச்சலில் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து இரண்டு பேர் கையில் கரண்டியோடு ஓடிவந்தார்கள். உச்சியில் எண்ணெய் வைப்பது ஆசீர்வாதம் என்று லூயி விளக்கி முடிப்பதற்குள் எனக்கே வேர்த்துவிட்டது. பாத்திரக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே வந்து, தானாகத் தலையைக் குனிந்து காட்டினாள்.

எங்களுக்கு அந்தச் சூப்பைக் கொடுத்தார்கள். குங்குமப்பூப் போட்டு, நாலு வகை மீனை அவித்து, சாற்றைத் தனியாகவும் மீனைத் தனியாகவும் வைக்கிறார்கள். புளி இல்லை, மிளகாய் இல்லை. மீன் கழுவிய தண்ணீரைச் சுடவைத்தது என்று சொல்லிக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டேன். இலவசமாக வந்ததை மறுப்பது விருந்தாளிக்கு அழகல்ல.

சாயங்காலம் கடை மூடுகிற நேரத்தில் சமையற்கட்டில் ஒரே சத்தம். பரிமாறுகிற பையன்கள் இருவர் காரணமே இல்லாமல் பாத்திரம் தேய்க்கிற இடத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஒருவன், "இங்கே யாரோ கல்யாணப்பெண் ஒளிந்திருக்கிறாள்" என்றானாம். ழோசெத் தன் தலைமுடியை இழுத்து மோந்தாள். மீன்தலை. பாத்திரக்கார அம்மாளின் தலையைப் பிடித்து மோந்தாள். பூந்தோட்டம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"என் கடையில், என் சூப்பைச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு மட்டமானதைப் பூசினாயா?"

"அம்மா, ஒங்களுக்கு வச்சதுதான் ஒசத்தி" என்று எவ்வளவோ சொன்னேன். "அப்படியானால் அவள் தலையில் இருப்பதை எனக்குக் கொடு, ஒசத்தியை அவளுக்குக் கொடு" என்றாள்.

பாத்திரக்கார அம்மாள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எனக்கு வைத்தது எனக்குத்தான். பஸ்ஸில் போகும்போது பார்" என்றாள்.

அங்கேயும் பஸ்! லூயி அதைச் சொன்னதும் எனக்கு அஞ்சலை எதிரில் வந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. மெல்லிய சரக்கு சூட்டில் பறந்துவிடுகிறது. அடிச்சரக்குத்தான் மீனோடு மல்லுக்கட்டி நிற்கிறது. கிராஸ் மதாமுக்கு இது தெரியாது. அவள் பேப்பர் எந்தக் காலத்தில் மீன் சமைத்தது? உலகத்தில் இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். மறுத்து யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சேட்டுக்கு டிரங்க் கால் போட்டேன்.

"சேட், பிரான்சிலே நேரா பார்த்து ஆராய்ச்சி பண்ணி முடிவெடுத்திருக்கேன். கொப்பரையில கடைசியா எறங்குறது மட்டும்தான் இனிமே எனக்கு வேணும்."

"மொதலாளி, அதுதானே நான் பதினைஞ்சு வருஷமா அனுப்பினது? நீங்கதானே மட்டம்னு சொல்லி நிறுத்தினீங்க?" என்றார் சேட்.

"அப்ப நான் சொல்லாம அனுப்பினீங்க. இப்ப நான் சொல்லி அனுப்புறீங்க" என்றேன். வியாபாரத்தில் இந்த வித்தியாசம் புரிந்தவர்கள்தான் முன்னுக்கு வருவார்கள்.

சரக்கு வந்தது, வாணலி ஏறியது. முதல் பாட்டில்களை நானே காரைக்கால்மேட்டுக்கு எடுத்துப்போனேன். அஞ்சலை மூடியைத் திறந்து மோந்தாள். கொண்டையை அவிழ்த்து, கை நிறைய ஊற்றித் தேய்த்துக்கொண்டு, ஏலத்துக்குப் போய்விட்டாள். நான் வெயிலில் காத்திருந்தேன். என்னோடு படகுக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பிரான்ஸ் மீனைப் பற்றிக் கேட்டார். நம் மீனைவிடக் கர்வம் அதிகம், ருசி குறைவு என்றேன். மகிழ்ந்துபோய் இரண்டு வஞ்சிரத்தைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்.

ஏலம் முடிந்து கூடையோடு அஞ்சலையும் நாலைந்து பெண்களும் பஸ்ஸுக்கு வந்தார்கள். எனக்குச் சொந்தக் கார் இருந்தும், பார்த்தே தீர வேண்டும் என்று அவர்கள் பின்னாலேயே போனேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் குறுக்கே கையை நீட்டினான். அஞ்சலை ஒரு படி ஏறினாள். அவன் மூக்கு ஒரு தடவை விரிந்தது. கை தானாக இறங்கியது. கூடைகள் மேலே போயின. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அஞ்சலைக்கு ஜன்னலோர சீட்டு.

நான் ஏறப் போனேன். கை மறுபடியும் நீண்டது.

"பெரியவரே, பையில என்னா? மீனா? தண்ணி சொட்டுது பாருங்க. கவுச்சி அடிக்குது. உள்ள வராதீங்க, அடுத்த வண்டியில வாங்க."

"தம்பி, நான் யாருன்னு தெரியுமா? நான் பிரான்சுக்கு..."

"யாரா இருந்தா என்னங்க, நாத்தம் நாத்தம்தானே?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு. அஞ்சலை ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏத்திக்குங்க கண்டக்டரே, நமக்குத் தெரிஞ்சவருதான். ரொம்ப தூரம் போயிட்டு வந்திருக்காரு. படியில நின்னுக்கிட்டு வரட்டும், டிக்கெட்டு நான் எடுக்குறேன்."

திருநள்ளாறு வரைக்கும் படியில் தொங்கிக்கொண்டு போனேன். பையிலிருந்து மீன்தண்ணீர் என் பிரெஞ்சுக் கால்சட்டையில் சொட்டிக்கொண்டே வந்தது. பஸ் வளையும்போதெல்லாம் உள்ளேயிருந்து இலாங்-இலாங் காற்றில் ஏறி வந்து முகத்தில் மோதியது. கடைசி நிறுத்தம் வரைக்கும் அது கொஞ்சமும் குறையவில்லை.